பழுப்பு வட்டம்

எங்கள் நகரத்தைச் சுற்றி இலையுதிர் காலத்தில் இலை சிவப்பதைப் பார்க்கப் போகும் இடங்கள் பதினொன்று. மலை, கோயில் தோட்டம், அணைக்கட்டு, பள்ளத்தாக்கு என்று பதினொன்றையும் பத்தொன்பது வருடங்களாக நான் நாற்காலியை விட்டு எழாமலேயே பார்த்துவருகிறேன். சுற்றுலாச் சங்கத்தில் அதுதான் என் வேலை. அக்டோபர் பிறந்துவிட்டால் தினமும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியை எடுப்பேன். கோயிலில் ஒரு துறவி, அணையில் காவலாளி, மலையில் ரோப்கார் ஓட்டுபவர் என்று ஆளுக்கொரு வார்த்தை சொல்வார்கள்: பச்சை, நிறம் மாறுகிறது, உச்சம், உதிர்ந்துவிட்டது. அதைக் கேட்டு வரைபடத்தில் இருக்கும் வட்டங்களுக்கு நிறம் போடுவேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு. ஒன்பது மணிக்கு அது ரயில் நிலையப் பலகையிலும் எல்லோருடைய போனிலும் வந்துவிடும். சிவப்பு விழுந்த இடத்துக்கு ஜனம் ஈசல் மாதிரி கிளம்பும்.

அவர்கள் சொன்னதை நேரில் போய்ச் சரிபார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. போனால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இந்த மரியாதையின் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் துறவியும் காவலாளியும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொன்னது நான்.

இந்த வருடம் ஐந்தாவதாக ஒரு நிறமும் சேர்ந்தது. கறுப்பு. மலைக்காட்டில் மரங்கள் காய்க்காமல் போனதில் பசித்த கரடிகள் ஊருக்குள் இறங்கியிருந்தன. சத்தம் கேட்டுக் கரடி ஒதுங்கட்டும் என்று பிள்ளைகள் புத்தகப்பையில் மணி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். கரடியின் தடம் எங்கே தென்பட்டாலும் உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் பாதையை இரண்டு வாரம் மூடுவார்கள், நான் அந்த வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நமேசவா பள்ளத்தாக்கிலிருந்து எனக்குச் சொல்பவள் என் சொந்தத் தங்கை தொமோயே. பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில், தொங்குபாலத்துக்கு இந்தப் பக்கம், அவளுடைய கடை. பெரிய பானையில் சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சூப் வைப்பாள். பாலத்தில் நின்று மேப்பிள் மரங்களைப் பார்த்துக் குளிரில் விறைத்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கணவன் செத்த பிறகு அந்த மாடியறையிலேயே தனியாக இருக்கிறாள். மற்ற மாதங்களில் கடை ஈ ஓட்டும். வருடம் முழுக்க அவளுக்குச் சோறு போடுவது இந்த மூன்று வாரம்தான்.

அன்று வியாழக்கிழமை.

"நமேசவா உச்சம், அக்கா," என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. பின்னாடி பெர்சிமன் பழ மரத்தடியில ஒரு விட்டைக் குவியல் கெடக்கு. பூராவும் பழக்கொட்டை."

"நரி போட்டிருக்கும்."

"நரி ஒரு வாளி போடுமா? மரத்துல நகக்கீறல் வேற இருக்கு. என் தலைக்கு மேல வரைக்கும் இருக்கு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "வனத்துறைக்குச் சொன்னியா?"

"சொன்னா மூடிடுவாங்க. இந்த சனி, ஞாயிறு போகட்டும்க்கா. திங்கக்கிழமை விடிஞ்சதும் நானே சொல்றேன். கூட்டம் இருந்தா அது கிட்டயே வராது, உனக்குத் தெரியாததா. கிழங்கெல்லாம் உரிச்சு வெச்சுட்டேன்."

"பிள்ளைங்க வருவாங்கடி."

"அப்போ கறுப்பப் போடு. போட்டுட்டு வந்து கடையைச் சாத்தறதுக்கு ஒரு கை கொடு."

போனை வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் இப்படித்தான், கெஞ்சும்போதுகூட அடிக்கிற மாதிரி கெஞ்சுவாள்.

சிவப்பு போட்டால் சனிக்கிழமை ஆயிரம் பேர். அதில் யாருக்காவது ஏதாவது ஆனால்? கறுப்பு போட்டால் கடை போச்சு. அதோடு, குவியலைப் பார்த்தும் மறைக்கப் பார்த்தவள் என்று அவள் பெயர் கெடும். எங்கள் ஊரில் ஒருமுறை கெட்ட பெயர் பேரப்பிள்ளை காலம் வரை போகாது. நான் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, பாம்பும் சாகக் கூடாது, தடியும் முறியக் கூடாது என்று எனக்குத் தோன்றியதே ஒரு யோசனை, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நமேசவாவுக்குப் பழுப்பு போட்டேன். இலை உதிர்ந்துவிட்டது. யாரும் வரமாட்டார்கள், யாருக்கும் ஆபத்தில்லை, கரடி என்ற வார்த்தையே வேண்டாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொமோயே கூப்பிட்டாள்.

"பத்தரை மணி பஸ்ஸுல டிரைவர் மட்டும் வந்தாரு. இலை கொட்டிப் போச்சாமேன்னு என்னையே கேக்கறாரு. அவர் நிக்கற இடத்துக்கு மேல மரம் நெருப்பாட்டம் இருக்கு."

"உனக்காகத்தான்டி."

"எனக்காகவா? கறுப்பு போட்டிருந்தா ரெண்டு வாரத்துல எடுத்திருப்பாங்க. அதுக்கப்புறம் நாலு பேராவது வந்திருப்பாங்க. உதிர்ந்து போச்சுன்னா உதிர்ந்ததுதான், இனி அடுத்த வருஷம். ஒண்ணு உண்மையைச் சொல்லு, இல்ல நான் சொன்ன பொய்யைச் சொல்லு. நீயா ஒரு பொய்யை எதுக்குக் கண்டுபிடிச்ச?"

ஒரு முழுப் பள்ளத்தாக்கைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் உரியவளைக் கேட்காமல். அப்போதாவது வனத்துறைக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்று ஏன் பழுப்பு போட்டாய் என்று கேட்பார்களே. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்தபோது தொலைபேசியில் ஒரு பதிவு இருந்தது. ஆறு நாற்பதுக்கு வந்தது. குரல் எனக்குத் தெரிந்த குரல். ஓய்காவா, தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். உதிர்ந்த இலையைப் பார்க்கப் போகிறவர்கள் என்று எங்கள் ஊரில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. ஊரே சிவப்பைத் துரத்தும்போது இவர்கள் பழுப்புக்காகக் காத்திருப்பார்கள். பாசியின் மேல் விழுந்து கிடக்கும் இலைகளை, ஒரு காலும் படுவதற்கு முன், தனியாக நின்று பார்க்க வேண்டும் அவர்களுக்கு. விடியும்போதே போய்விடுவார்கள். அமைதி கெடும் என்று கரடிமணியைக்கூடக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். ஓய்காவா வருடா வருடம் என்னைக் கூப்பிட்டு, எந்த இடம் காலியாயிற்று என்று கேட்பவர். பத்தொன்பது வருடம் இதே நாற்காலியில் இருந்த எனக்கு, பழுப்பு வட்டம் யாரைக் கூப்பிடும் என்பது அந்தக் குரலைக் கேட்டபோதுதான் உறைத்தது.

"வணக்கம். ஓய்காவா பேசறேன். காலங்காத்தால தொந்தரவு, மன்னிக்கணும். நமேசவா பாலத்துக்கிட்ட நிக்கறேன். உங்க படத்துல இலை உதிர்ந்துடுச்சுன்னு போட்டிருக்கு. இங்க ஒண்ணும் உதிரலீங்க. இப்பத்தான் நல்லாச் செவந்திருக்கு, இந்த மாதிரி நான் பாத்து ரொம்ப வருஷமாச்சு. குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க. உங்க படத்தை நம்பி யாராவது வராம இருந்துட்டா பாவம், அதான் உடனே சொல்லிடலாம்னு நின்னேன். கொஞ்சம் திருத்தி..."

கிளை முறிகிற சத்தம் கேட்டது. போன் கீழே விழுந்தது. பதிவு முடியும்வரை, முக்கால் நிமிடம், வெறும் ஆற்றுச் சத்தம்.

தங்கையின் எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினேன்.

"உயிரோட இருக்காரு," என்றாள் தொமோயே, நான் கேட்பதற்கு முன்பே. "சத்தம் கேட்டுப் பானை மூடியையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிக்கிட்டே ஓடினேன். அது ஆத்துக்குள்ள இறங்கிப் போயிடுச்சு. ஆம்புலன்ஸ் இப்பத்தான் போச்சு. முகம்க்கா. முகம் பூராவும்."

அவள் வாசலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அந்த நிலைமையிலயும் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு," என்றாள். "கடை வாசல் ரத்தமாயிடுச்சாம்."

திங்கட்கிழமைக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தனியாகப் போனது தப்பு, மணியைக் கழற்றியது தப்பு, வயசான காலத்தில் இதெல்லாம் தேவையா. எங்கள் பிரிவுத் தலைவர் என் மேசைக்கே வந்தார்.

"நல்ல வேளை மிசாவோ, நீங்க பழுப்பு போட்டிருந்தீங்க. சிவப்பா இருந்திருந்தா நாமதான் அவரைக் கூப்பிட்டோம்னு ஆகியிருக்கும். நம்மளைப் பாத்து யாரும் விரல் நீட்ட முடியாது."

"அவர் ஒரு தகவல் விட்டிருந்தாரு," என்றேன்.

"கேட்டேன். இலை உதிரலைங்கறாரு. உங்க தங்கச்சி ஒருநாள் முன்னப்பின்ன சொல்லியிருப்பாங்க, அதெல்லாம் சகஜம். அழிச்சிடுங்க."

அழிக்கவில்லை. அது வீரமில்லை, அந்தப் பொத்தானை என்னால் தொட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாய் திறந்து எதுவும் சொல்லவும் இல்லை. வெட்கம் என்று சொல்வது போதாது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்று மாலை தொமோயேவைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தால் என் வேலையோடு அவள் கடையும் போகும். சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"குவியலைப் பாத்தது நான்," என்றாள். "என் பேரையும் சேர்த்தே சொல்லு. பாதிப் பொய்யை வெச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் என்ன கிழிச்சோம்னு பாத்தாச்சே."

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். ஓய்காவாவின் முகத்தில் கட்டுப் போடாத இடம் இடது கண்ணும் வாயும் மட்டும்தான். வலது கண் போய்விட்டது என்று அவர் மனைவி வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, நான் வந்ததற்காக மூன்று முறை குனிந்து நன்றி சொன்னார். எனக்கு நாற்காலி போட்டார். என்னை விட மூத்தவர், நின்றுகொண்டே இருந்தார்.

"வேலை நாள்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க," என்றார் ஓய்காவா. வாய் சரியாகத் திறக்கவில்லை, வார்த்தைகள் மெதுவாக வந்தன. "என்னால சங்கத்துக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. மன்னிக்கணும்."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்கு வலிக்கும்."

"ஒண்ணே ஒண்ணு. படத்தைத் திருத்திட்டீங்களா?"

"இப்ப கறுப்பு போட்டிருக்கு."

"அது சரி, கரடி வந்துடுச்சே. நான் கேட்டது அதுக்கு முன்னாடி. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

அவர் மனைவி சிரித்தார். "மயக்கம் தெளிஞ்சதிலேர்ந்து இதே பேச்சுதான். இவருக்குக் கண்ணு போனது பெரிசில்ல, உங்க படம் தப்பா இருக்கறதுதான் பெரிசு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

"யாரும் தப்பாச் சொல்லல. தங்கச்சி சரியாத்தான் சொன்னா. நான்தான் மாத்திப் போட்டேன்."

ஓய்காவாவின் ஒற்றைக் கண் என் மேல் நின்றது. "இலை உதிரலைன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

தலைக்கு மேல் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கரடி?" என்றார் ஓய்காவா.

"அதுவும் தெரியும். ரெண்டு நாளைக்கு முன்னாடியே. தங்கச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வனத்துறைக்குச் சொல்லல. யாரும் வர வேண்டாம்னுதான் பழுப்பு போட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் எதையோ கணக்குப் போடுகிறவரைப் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாலத்தைத் தாண்டிப் போயிருப்பேன்," என்றார் கடைசியில். "உங்களுக்குச் சொல்லணும்னுதான் அஞ்சு நிமிஷம் அங்கயே நின்னேன். உங்களுக்கே தெரியும்னா நான் போன் பண்ணியிருக்கவே வேண்டாம்."

அவர் மனைவி கதவைத் திறந்து பிடித்தார். இந்த முறை குனியவில்லை.