ஆத்தாளுக்கு அட்வான்ஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. ஐயாவு எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

ஐயாவு எங்கள் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றுகிறவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். தோட்டத்துக் காற்பந்துக் குழு எங்கே ஆடினாலும் கோட்டுக்கு வெளியே அவர் குரல் கேட்கும். நடுவர்கள் பலருக்கு அவரைப் பெயர் சொல்லும் அளவுக்குத் தெரியும், அன்பினால் அல்ல. நான் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருக்கிறேன். எப்போதாவது ஞாயிறு பத்திரிகையில் என் கதை வரும். அது ஐயாவுக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நம்ம ஃபைனல பத்தி பேப்பர்ல எழுது. கீப்பர் வீரன் காசு வாங்கிட்டுத்தான் கோல விட்டான்னு எழுது. பேரப் போட்டே எழுது."

"வாங்கினத நீங்க பாத்தீங்களாண்ணே?"

"வாங்கினத வேற பாக்கணுமா? அவன் நின்ன நிப்ப நீயும்தான பாத்த?"

பார்த்தேன். அதுதான் சங்கடம்.

"ஒரு மாசம் டைம் தர்றேன். வந்து கேப்பேன், படிச்சுக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கதையை வாசிக்கக் கேட்டால் எங்கே பொய் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பத்திரிகை ஆசிரியரைவிட அவருக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"கோலசிலாங்கூர் திடலில் அன்று மேகங்கள்கூட..." வேண்டாம். மேகங்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை.

"காற்பந்து என்பது வாழ்க்கையைப் போன்றது." இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"கார்த்திகேசு ஒரு துரோகி." இது ஐயாவுக்குப் பிடிக்கும். [முதலில் கோல் கீப்பருக்குக் கார்த்திகேசு என்று பெயர் வைத்திருந்தேன். எழுத எழுத அவன் வேறு யாரோ ஆகிப் பந்துகளை எல்லாம் பிடிக்கத் தொடங்கினான். அதனால் வீரன் என்று மாற்றிவிட்டேன். அதுவும் அவனுடைய உண்மையான பெயர் அல்ல. தோட்டத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. புக்கிட் ரோத்தானைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன, நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.]

களைப்பாக இருக்கிறது. வென்ற ஆட்டத்தைப் பற்றி எழுதுவது சுலபம், யாரும் காரணம் கேட்பதில்லை. தோற்றால் ஆளுக்கொரு காரணம் வேண்டும். தோல்வியை மனிதன் எப்படியோ தாங்கிக்கொள்வான். காரணம் தெரியாத தோல்வியைத்தான் அவனால் தூக்கிக்கொண்டு நடக்க முடிவதில்லை. ஐயாவு அப்படித்தான் இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்தார்.

3

சரி, ஆட்டம்.

போன ஆண்டு, எண்பத்தாறு. வட்டாரத் தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணம். எங்கள் தோட்டம் அதுவரை இறுதியாட்டத்துக்குப் போனதே கிடையாது. எதிரி, அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டம். இரண்டு லோரி நிறைய ஆட்கள் போனோம். தப்பு, உருமி மேளங்கள், வீரனுக்கென்று தனியாக ஒரு மாலை. ஏனென்றால் அந்த ஆண்டு எங்களை இறுதியாட்டம் வரை கொண்டுவந்தவனே அவன்தான். மருந்து தெளிக்கும் வேலை செய்கிறவன், அதிகம் பேசமாட்டான். கோல் கம்பத்துக்குக் கீழே நின்றால் மட்டும் ஆள் மாறிவிடுவான். உயரப் பந்து என்றால் அவனுக்கு விளையாட்டு. எம்பி, ஒற்றைக் கையால் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஜட்டியை மேலே இழுத்துவிட்டுக்கொள்வான்.

[ஜட்டி வேண்டாம், கால்சட்டை என்று மாற்ற வேண்டும். ஞாயிறு பத்திரிகை.]

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஐயாவு நடுவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அவருக்கு ஆரஞ்சு கொடுக்கப் போனார். இரண்டாம் பாதியில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக, மெதுவாக வந்தது. அடித்தவனே தலையில் கைவைத்துக்கொண்டான், அவ்வளவு மோசமான பந்து. வீரன் அதைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். கைகள் மேலே போயின. கால்கள் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. பந்து அவன் விரல் நுனிக்கு மேலாக உள்ளே போய் விழுந்தது.

கண் கூசியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டோம். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு கார்னர். மறுபடியும் உயரப் பந்து. மறுபடியும் அதே நிற்பு.

இரண்டுக்கு ஒன்று.

"கால் என்னடா, தரையில ஒட்டிக்கிச்சா? இல்ல காசுல ஒட்டிக்கிச்சா?" என்று ஐயாவு கத்தினார். அந்தக் கேள்வி லோரிக்குள் எங்களோடு ஏறிக்கொண்டது.

4

திரும்பும் வழியில் தப்பை யாரும் அடிக்கவில்லை. தப்பின்மேல் ஒருவன் தலைவைத்துப் படுத்துக்கொண்டான். மாலையை யார் வைத்திருப்பது என்று தெரியாமல் கைமாற்றிக்கொண்டே வந்தோம். வீரன் லோரியின் மூலையில் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் கழற்றிவிட்டார்கள், அவன் மட்டும் கழற்றவில்லை. அதற்கும் ஒரு பேச்சு: "உள்ள நோட்டு இருக்கும் லா."

ரசிகன் என்பவன் விசித்திரமான பிராணி. அவன் ஓடவில்லை, அடிக்கவில்லை, விழவில்லை. ஆனால் ஆடியவர்களைவிட அவனுக்குத்தான் உடம்பு வலிக்கிறது. நான் மறுநாள் தொழிற்சாலைக்குப் போய், உதிரிப்பாகங்களை அடுக்கிக்கொண்டே அந்த இரண்டு பந்துகளையும் எம்பித் தடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தடுத்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டுக்கு ஒன்றுதான். யாரிடமாவது கோபப்பட்டால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், ஐயாவு கத்தியபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

வெற்றி விருந்துக்கென்று வாங்கிக் கட்டியிருந்த கிடா மட்டும் நிம்மதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அன்று பிழைத்தது அது ஒன்றுதான்.

5

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். [திருத்தும்போது மூன்றுக்கு முன்னால் கொண்டுபோகலாம். இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்.]

அரையிறுதியில் வென்ற அன்று வீரன் மாரியம்மன் கோயிலில் ஒரு வேண்டுதல் வைத்தான். கிண்ணம் கிடைத்தால் திருவிழாவில் தீ மிதிக்கிறேன் என்று. முறைப்படி இறுதியாட்டம் முதலில், திருவிழா பிறகு. ஆனால் மழை. திடலில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. இறுதியாட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். திருவிழாவைத் தள்ள முடியுமா? ஆட்டத்துக்கு முந்தின வாரமே தீமிதி வந்துவிட்டது.

பூசாரி நியாயமாகத்தான் சொன்னார். "கேட்டது கெடைக்கட்டும்பா. அடுத்த வருசம் எறங்கு. ஆத்தா எங்கயும் போயிட மாட்டா."

ஐயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அடுத்த வருசம் யாரு கண்டா? டேய் வீரா, இப்பவே எறங்கிடு. ஆத்தாளுக்கு அட்வான்ஸ் குடுத்த மாதிரி. வாங்கிட்டு குடுக்காம இருக்க அவ என்னா மண்டோரா?"

கங்காணி மண்டோரை இழுத்ததும் எல்லாரும் சிரித்தோம். வீரனும் சிரித்தான். காப்புக் கட்டிக்கொண்டான். கிடைக்காத வரத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்திய ஆளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக அவன் பூக்குழியில் இறங்கி நடந்தபோது குலவை வானத்தைப் பிளந்தது. கடைசியில் பால்குழியில் கால் நனைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். ஐயாவு அவனைக் கட்டிப்பிடித்து, "கிண்ணம் நம்மளதுடா!" என்று அழுதார்.

6

ஐயாவு கேட்ட கதையை எழுதுவதற்கு வீரனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை போனேன். புக்கிட் ரோத்தான் பஸ் நிறுத்தத்திலேயே அவன் மனைவி அம்சவள்ளி, கையில் மீன் பையோடு நின்றிருந்தாள்.

"அண்ணே, நீங்க அவரப் பத்தி எழுதப் போறீங்களாமே?"

எங்கள் தோட்டத்தில் ரகசியம் நடந்துபோகாது, ஓடும்.

"எழுதுங்க. ஆனா உள்ளத எழுதுங்க. அவரு காசு வாங்கலண்ணே. கால் வெந்துபோச்சு. ரெண்டு பாதமும். தீ மிதிச்ச அன்னிக்கே. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுக் கட்டினேன். வெளிய சொல்ல விடல. பூட்ஸ மாட்டும்போது பல்லக் கடிச்சுக்கிட்டாரு. மேட்ச் முடிஞ்சு வந்து ஸ்டாக்கிங்க கழட்டினா, தோலும் சேந்து வருது. அதைக்கூட வெளிய காயப்போடல, அடுப்படியிலதான் காயவச்சேன்."

தீ மிதித்தவனுக்குக் கால் கொப்பளித்தால் எங்கள் ஊரில் அது தீயின் குற்றமல்ல. விரதம் கெட்டுவிட்டது என்பார்கள். மனசு சுத்தமில்லை என்பார்கள். அதனால்தான் மறைத்தான் என்று எனக்குப் புரிந்தது. பாதிதான் புரிந்தது என்பது அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

வீரன் லயத்துக்குப் பின்னால் மருந்து டின்னைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டான். நிமிரவில்லை.

"சொல்லிட்டாளா?"

"உன் பேர் கெட்டுப்போய்க் கெடக்குடா. எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல?"

"வேணாம். காசு வாங்கினான்னா என்னய மட்டும்தான் ஏசுவாங்க. கால் வெந்துச்சுன்னு தெரிஞ்சா அவளத்தான் கேப்பாங்க. வெரதத்துல வீட்டுல என்னா நடந்துச்சு, இவ என்னா தீட்டோட அடுப்புல நின்னாளான்னு. ஏற்கெனவே புள்ள இல்லன்னு பேசுறாங்க. இதையும் தூக்கி அவ தலையில வைக்கவா?"

"அவதான்டா எழுதச் சொன்னா."

"அவ சொல்லுவா" என்றான். டின்னைக் கவிழ்த்து வைத்தான். "நான் காசு வாங்கினவனாவே இருந்துட்டுப் போறேன். நீ அப்படியே எழுதிடு."

ஒரு குற்றத்தைத் தன்மேல் போட்டு எழுதும்படி என்னிடம் யாரும் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் என்னிடம் ஒரு மிட்டாய் நீட்டினார்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில், ஐயாவு ஓடிப்போய் வீரனின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மன்னிப்பு, கண்ணீர், பின்னணியில் கோயில் மணி. கிழித்துவிட்டேன். ஐயாவு அப்படிப்பட்டவர் அல்ல. உண்மை தெரிந்தால் அவர் முதலில் நினைப்பது ஒன்றைத்தான்: "தீயில் இறங்கச் சொன்னது நான். எங்கள் தோட்டம் ஒரே ஒருமுறை இறுதியாட்டத்துக்குப் போனது, அதைத் தோற்கடித்தவன் நான்." முப்பது ஆண்டுகளாகக் கோட்டோரத்தில் கத்திக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு எந்தத் திடலுக்குப் போவார்?

இரண்டாவதில் வீரன் சொன்னபடியே எழுதினேன். காசு வாங்கிவிட்டான். கதை ஓட்டமாக வந்தது, பொய் என்பதால் தடங்கலே இல்லை. ஆனால் அம்சவள்ளி தன் பெயர் போனாலும் பரவாயில்லை என்று மீன் பையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாளே. அவளை எந்த வரியில் நிறுத்துவது?

மூன்றாவதில் வீரன் எம்பினான். இரண்டு பந்தையும் தடுத்தான். அதை நான் இன்னும் கிழிக்கவில்லை. கதையாக வைத்திருக்கவில்லை, சும்மா வைத்திருக்கிறேன்.

தீயைத் தூக்கிவிட்டு ஏதாவது காய்ச்சல் என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். ஐயாவு கேட்ட உடனே பிடித்துவிடுவார்: "காய்ச்சல்காரன் எதுக்குத் தம்பி பூட்ஸ கழட்டல?"

8

ஐயாவு வந்துவிட்டார்.

சொன்ன மாதிரியே, ஞாயிறு காலை. சட்டையில் பவுடர் வாசனை. என் வீட்டுக் கூடத்தில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீரன் இப்போது திடல் பக்கமே வருவதில்லை, புது கீப்பருக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியவில்லை என்று குறைப்பட்டார். "காசு வாங்கினாலும் அவன மாதிரி ஒரு கீப்பர் வராதுலா" என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தாள்களை எடுத்தேன். என்னால் முடியவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். பொய்தான், அவருக்கும் தெரிந்திருக்கும்.

"இவங்க படிப்பாங்கண்ணே" என்று உங்களைக் காட்டினேன்.

ஆமாம், உங்களைத்தான். இவ்வளவு நேரம் கூடவே இருந்தீர்கள். தாள்கள் உங்கள் கையில் இருக்கின்றன. எண் போட்டிருக்கிறேன். ஐந்தோடு நிறுத்தினால் வீரன் விரும்பியபடி அவன் காசு வாங்கியவனாகவே இருப்பான். இந்த மனிதர் கோபத்தோடு பஸ் ஏறி, அடுத்த ஆட்டத்துக்கும் கத்தப் போவார். ஆறையும் படித்தால் அம்சவள்ளி கேட்டது நடக்கும். அதன் பிறகு அவளை யார் என்ன கேட்பார்கள், இவர் எப்படி எழுந்து நடப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் இதுவரைதான் எழுதியிருக்கிறேன்.

ஐயாவு உங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இடது காது கொஞ்சம் மந்தம், அதனால் வலது காதைத் தருகிறார்.

"படிங்க" என்கிறார். "எதையும் விடாம படிங்க."