ஏழாம் நாள் அழத் தொடங்கும் டிராகன்

எந்த வீடியோ கேம் எத்தனை வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று சான்று தருவதே அந்த அலுவலகத்தின் வேலை. படிவத்தில் நான்கு கட்டங்கள் உண்டு: இரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை, சூது. ஓர் ஆட்டத்தை மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆடிப் பார்க்க வேண்டும். நான்காம் நாள் கையெழுத்து.

பதினோரு ஆண்டுகளாக அந்தக் கையெழுத்தைப் போட்டுவந்த பெண் ஆய்வாளர் அன்று படியேறி வந்த வேகத்தைக் கண்டதும், பதிவு எழுத்தர் தம் வணக்கத்தை அப்படியே விழுங்கிவிட்டார். எல்லாக் காகிதத்திலும் முத்திரை குத்துபவராகையால் அவருக்கு முத்திரை அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் ஒரு டிராகன் குட்டி. மந்திரக் காட்டில் முட்டையை அடைகாத்து, குஞ்சு பொரித்து, ஊட்டி வளர்க்கும் ஆட்டம். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைகளே ஆடலாம் என்று பத்து நாளுக்கு முன் அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அதன்பின் ஒரு தவறு செய்தாள். ஆய்வுப் பிரதி அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. காய்ச்சலில் பள்ளிக்குப் போகாமல் சிணுங்கிக்கொண்டிருந்த எட்டு வயது மகளுக்காக அந்த ஆட்டம் ஏற்றியிருந்த டேப்லெட் கணினியை, அலுவலகத்தில் 'டேப்' என்பதை, பையில் போட்டுக்கொண்டு போனாள். தானே பார்த்துச் சான்று தந்த ஆட்டம்தானே என்ற தெம்பு.

ஆறு நாள் ஒரு குறையும் இல்லை. ஏழாம் நாள் மகள் ஆட்டத்தை நிறுத்தப் போனபோது, குட்டி அவள் பெயரைச் சொல்லி அழுதது. "என்னை விட்டுட்டுப் போறியா? நீ போனா நான் செத்துப்போயிடுவேன். உனக்குப் பரவாயில்லையா?" அன்று முதல் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை, குளியலறைக்கும் டேப்போடுதான் போனாள். தாய் பிடுங்கி நிறுத்தியபோது, இரண்டு கையாலும் தாயின் வயிற்றில் குத்தி, கொலைகாரி என்றாள்.

அந்தச் சொல்லோடுதான் அவள் சான்றுக் குழுத் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள். சான்று அன்று மாலை வெளியே போகவிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றாள். தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி படிவத்தைப் புரட்டினார். நான்கு கட்டமும் வெறுமையாக இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அழுகைக்குக் கட்டம் இல்லையேம்மா."

"கட்டம் இல்லைன்னா குழந்தையும் இல்லையா சார்?"

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. மூன்று நாள் மட்டுமே பார்க்கும் இடத்தில், இந்த ஏழாம் நாளை அவள் எங்கே பார்த்தாள் என்று கேட்டார். ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் இந்த மூன்று நாள் கணக்கு தெரிந்துதான் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பல்லைக் கடித்தாள்.

ஆட்சேப மனுவில் 'பார்த்த இடம்' என்று ஒரு வரி உண்டு. அதை நிரப்பினால் வேலைக்கு ஆபத்து. நிரப்பாவிட்டால் மனு செல்லாது. தலைவர் குரலைத் தாழ்த்தி, இந்தப் பேச்சே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். டேப்பை அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் போதும். சான்றும் போகும், அவள் வேலையும் தப்பும்.

அவள் பேனாவை எடுத்து, 'என் வீட்டில், விதியை மீறி' என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க."

"என் தலையோட போகட்டும் சார். ஊர்ப் பிள்ளைங்க தலையில வேண்டாம்."

மனுவோடு டேப்பையும் நிறுத்தி உறையிலிட வேண்டும். முத்திரை அண்ணனை அழைத்தார்கள். அவர் ஆட்டத்தை மூடப் போனதும் குட்டி தன் கெஞ்சலைத் தொடங்கியது. எந்தக் காகிதத்திலும் ஒரு நொடிக்குமேல் தயங்காத அந்த விரல் அந்தரத்தில் நின்றது.

"மேடம், ஒரு வாய் ஊட்டிட்டு நிறுத்தட்டுமா? பாவமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"மூணு பிள்ளை பெத்த ஆளய்யா நீ," என்றார் தலைவர்.

"அதான் சார் கை வரமாட்டேங்குது."

தலைவர் டேப்பை வெடுக்கென்று பிடுங்கித் தாமே நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது, அது யார் மீதுள்ள கோபம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மனுவில் முத்திரை விழுந்தது. இனி முழுக் குழுவும் கூடிப் பார்க்கும்வரை சான்று வெளியே போக முடியாது.

அரை மணியில் இன்னொரு கடிதத்திலும் முத்திரை விழுந்தது. விசாரணை முடியும்வரை, நாளை முதல் அவளுக்குப் பணி இல்லை. நின்றபடியே வாங்கிப் படித்துக் கையெழுத்திட்டாள். கோபம் தணியவில்லை, திசை மட்டும் மாறி அவள் பக்கமே திரும்பியது.

தன் மேசையில் உட்கார்ந்து முத்திரை அண்ணனைக் கூப்பிட்டாள். இதே நிறுவனத்தின் ஆட்டங்களுக்கு, தான் சான்றளித்த கோப்புகள் அத்தனையும் வேண்டும் என்றாள்.

"இருபத்து மூணு இருக்கு மேடம். இனிமே எதுக்கு உங்களுக்கு?"

"நாளையிலிருந்துதானே எனக்கு வேலை இல்ல? கொண்டு வாங்க அண்ணே."

அவர் இரண்டு நடையாகச் சுமந்து வந்து வைத்தார். அவள் முதல் கோப்பைத் திறந்து, வெறுமையான நான்கு கட்டங்களின் அடியில், மூன்றே நாள் பார்த்துவிட்டுப் போட்ட தன் கையெழுத்தைப் பார்த்தாள். புதிய ஆட்சேப மனு ஒன்றை இழுத்து எழுதத் தொடங்கினாள்.