அணையாத சுவிட்ச்

1982இல் இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாந்திபேதி வந்தது. அங்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நான், ஒரே ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துப் பெரிய விஞ்ஞானியாகியிருந்தேன். கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியிடம் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை நீட்டிவிட்டு விளக்கினேன்.

"குடல்ல ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளயும் சுவிட்ச் மாதிரி ஒரு மூலக்கூறு இருக்கு. உத்தரவு வந்தா தண்ணிய வெளிய விடச் சொல்லும், கொஞ்ச நேரத்துல தானாவே அணைஞ்சிரும். இந்தக் கிருமியோட விஷம் அத அணைய விடாது. அதான் இப்படி ஊத்துது."

"நம்ம கங்காணி மாதிரி," என்றாள். "மழைக்கு முன்ன வெரசா எடுக்கச் சொல்லிட்டுத் தோட்டத்துத் தொர அட்டன் டவுனுக்குப் போனாரு. மழ வந்து விட்டும் போச்சு, இவரு வெரட்டுறத நிறுத்தல. முத்தின எலையெல்லாம் பறிச்சு, செடியே மொட்டையாயிருச்சு."

அந்த ஆளை எனக்கும் பிடிக்காது.

"இதக் குடிச்சா சுவிட்ச் அணைஞ்சிருங்களா?"

"இல்ல. போன தண்ணிக்கு ஈடு, அவ்வளவுதான். கெட்டுப்போன கலமெல்லாம் நாலஞ்சு நாள்ல தானா உதிர்ந்து, புதுசு வந்துரும்."

நாகலெட்சுமி கோப்பையைக் காலிசெய்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கங்காணி எப்பங்க உதிருவாரு?"