பசை மீசை மகான்

தொலைக்காட்சித் தொடரில் தளபதி வேடம் கட்டியவருக்கு அதற்கு முன்பு இருந்த ஒரே புகழ் அவருடைய முழங்கால்தான். மூட்டுவலித் தைல விளம்பரம் ஒன்றில் இரண்டு வருடம் அந்த முழங்கால் மட்டும் வந்துபோனது. முகத்தைக் காட்ட யாரும் துணியவில்லை.

பிறகு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நூறு போர்களில் வென்ற தளபதி ஒருவன், கடைசிப் போர் முடிந்ததும் வாளை ஆற்றில் எறிந்துவிட்டுத் துறவியாகி, மக்கள் கையெடுத்துக் கும்பிடும் மகானாக உயர்ந்த கதையைத் தொடராக எடுத்தார்கள். அதற்கு உயரமான ஆள் வேண்டும் என்றார்கள். இவர் உயரமாக இருந்தார். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

அவரைத் தினமும் காலையில் தளபதியாக்குவது ஒப்பனைக்கார அக்காவின் வேலை. வழுக்கையின் மேல் சடைமுடி விக். மேலுதட்டில் பசை தடவி மீசை. தொப்பையை உள்ளே தள்ளி இறுக்கிக் கட்ட ஒரு பட்டை. அதன் மேல் தங்க வண்ணம் பூசிய ஃபைபர் கவசம். இரண்டு மணி நேரம் பிடிக்கும். குதிரை ஏறுவது ஒரு டூப், வாள் சுழற்றுவது இன்னொரு டூப். வாயிலிருந்து கொட்டும் தத்துவம் வசனகர்த்தாவுடையது. அதையும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கடை வாசலில் ஒரு பெரியவர் காலில் விழுந்தபோது மனிதர் பதறிப்போய்ப் பின்னால் துள்ளினார். இரண்டாவது முறை துள்ளவில்லை. நூறாவது எபிசோடு ஓடும்போது, யாராவது குனிவதுபோல் தெரிந்தாலே காலை வாகாக நீட்டிவைத்தார். கேமரா நின்ற பிறகும் குரல் இறங்கவில்லை. டீ வேண்டும் என்றால்கூட "தேநீர் கொணர்க" என்றார். டீ கொண்டுவருபவர் இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் கும்பிட்டார்.

அக்காவும் பக்திக்காரிதான். கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் பிரஷ்ஷை எடுக்க மாட்டாள். ஆனால் தன் கையால் பசை தடவி ஒட்டிய சாமியைத் தானே கும்பிடும் அளவுக்கு அவளுக்குப் புத்தி மழுங்கிவிடவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறப்போம் என்று வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு குடும்பம் ஒப்பனை அறைக்குள் வந்தது. அப்பா கணக்கு வாத்தியார். கூடவே மனைவியும் பன்னிரண்டு வயது மகளும். மகளின் தோளில் ஒரு சின்னப் பை தொங்கியது.

வாத்தியார் தடாலென்று விழுந்தார். "சாமி, பொண்ணுக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு வருஷமா தினம் நாலு ஊசி. உடம்பே சல்லடையாப் போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஊசிய நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

தளபதி கண்ணை மூடினார். வசனம் மறந்துபோனால் அவர் வைத்துக்கொள்ளும் முகம் அது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாததால் அவரே வாயைத் திறந்தார்: "இன்று முதல் ஊசி வேண்டாம். என் பார்வை பட்டுவிட்டது. அதுவே மருந்து."

வாத்தியார் மகளின் தோளிலிருந்து ஊசிப் பையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்போ இனிமே ஊசியே கிடையாதாப்பா?"

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"சார், விளையாட்டுக்குச் சொல்றீங்களா?"

"பெண்ணே, ஐயம் கொள்ளாதே."

"பெண்ணேவா? காலையில 'அக்கா, தொப்பை தெரியுதா பாருங்க'ன்னு கேட்டது யாரு? நாலாவது எபிசோடு ஞாபகம் இருக்கா? அடிபட்டுக் கிடந்த எதிரிக்கு அந்தத் தளபதி தன் கையால பச்சிலை அரைச்சுக் கட்டினாரு. 'நான் பாத்துட்டேன், எந்திரிச்சு ஓடு'ன்னு சொல்லல. நீங்கதானே நடிச்சீங்க? நானும் சாமி கும்பிடுறவதான் சார். அதனாலதான் வயிறு எரியுது."

"யாரும்மா நீ? மகான்கிட்ட இப்படியா பேசுறது!" வாத்தியார் சீறினார்.

அக்கா பஞ்சை எண்ணெயில் நனைத்துத் தளபதியின் தாடையைப் பிடித்தாள். "ஆடாதீங்க. தோல் உரிஞ்சிடும்."

தினமும் சாயங்காலம் கேட்டுப் பழகிய வார்த்தை. மகான் அசையாமல் உட்கார்ந்தார்; அவரே நினைத்தாலும் அசைந்திருக்க முடியாது. மீசை ஒரு பக்கமாகப் பிய்ந்து வந்தது. அடுத்து விக். பிறகு கவசம். கடைசியாகப் பட்டையின் கொக்கியைக் கழற்றியதும், காலையிலிருந்து சிறையிருந்த தொப்பை விடுதலை பெற்று மடியில் வந்து உட்கார்ந்தது.

"அப்பா, சாமி வேற யாரோப்பா!" என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தாய் சிரிக்கவில்லை. குனிந்து பையை எடுத்தாள். "சாப்பாட்டு நேரமாச்சு. வா, போட்டுக்கோ."

அக்கா பவுடர் டப்பாக்களை ஒதுக்கி மேசையில் இடம் விட்டாள். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். நூறு போர் கண்ட வீரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றுமாம்.

வாத்தியாருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. கைகளைக் கூப்பியபடியே நின்றார். "நான் வேஷத்தையா கும்பிட்டேன் சாமி? உள்ள இருக்கிறதத்தான் கும்பிட்டேன்."

உள்ளே இருந்தது மேசையில் துண்டைத் தேடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே தயாரிப்பு மேலாளர் வந்தார். "நாளைலேர்ந்து வர வேணாம்க்கா. அவரு மனசு நொந்துட்டாராம்," என்றார். அக்கா தன் பெட்டியைக் கட்டினாள். சாமி படத்தைக் கவனமாக உரித்து எடுத்துக்கொண்டாள். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்ததற்கு அன்றுதான் உருப்படியாக ஒரு வேடத்தைக் கலைத்தோம் என்று நினைத்தபோது, வருத்தத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு செய்தி அலைவரிசையில் வேலை கிடைத்தது. செய்தி வாசிப்பவர்களுக்குப் பவுடர் போடும் வேலை. எப்படியோ விசாரித்துக்கொண்டு தாயும் மகளும் அவளைப் பார்க்க வந்தார்கள். பெண் நன்றாக இருந்தாள். வந்ததும் வராததுமாக அக்காவின் லிப்ஸ்டிக் பெட்டியைக் குடையத் தொடங்கினாள்.

"வாத்தியார் வரலியா?" என்று கேட்டாள் அக்கா.

தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "ஷூட்டிங் நடக்கிற எடத்துக்குப் போயிருக்காருக்கா. நம்மால மகான் மனசு புண்பட்டுப் போச்சாம். இது நாலாவது தடவை, மன்னிப்புக் கேக்கப் போறாரு."