இங்கிரிட்டின் காளான் இடம்

1.

இந்தக் கதை பிறந்தது வாட்ஸ்அப்பில். வெட்கம்தான், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜேர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு சின்னக் காடு. அதன் பெயர்

(அடித்துவிட்டேன். ஏனென்று போகப் போகத் தெரியும்.)

2.

கிழக்கு ஊரில் சோதிலிங்கம் அண்ணை இருக்கிறார். பக்கத்து வீட்டில் இங்கிரிட், எழுபத்தெட்டு வயது, தனியாள். காளான் முளைக்கும் இடத்தை இந்த நாட்டுச் சனம் லேசில் வெளியே விடாது. மேற்கு ஊரில் இருக்கும் சொந்தத் தங்கைக்கே இங்கிரிட் நாற்பது வருடமாகச் சொல்லவில்லை. முழங்கால் ஏலாமல் போனபின் அண்ணையைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அண்ணை எனக்கு மட்டும் சொன்னார். நான் எங்கள் தமிழ் ஊர்ச்சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், வரைபடத்தோடு. நல்லது கண்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் எங்களால் இருக்க முடியுமா?

ஞாயிறு காலை பத்தொன்பது கார்கள். அரிசிப் பைகளோடு இறங்கினார்கள். மத்தியானம் ஒரு காளான்கூட மிச்சமில்லை.

3.

"அன்று அந்தக் காடு அழு..." சீ, காடு அழுமா? அழுதது அண்ணை.

"யோசப், இங்கிரிட் என்னோடை கதைக்கிறேல்லையடா. நாலு மணிக்கு எனக்கும் சேர்த்துக் கோப்பி போடுறவ. இப்ப கதவே திறக்கிறேல்லை."

"நான்தான் போட்டனான் எண்டு சொல்லுங்கோவன், அண்ணை."

"உன்னை நான் காட்டிக் குடுக்கமாட்டன். நீ போய்ச் சொல்லு."

4.

முடிவு அ: அண்ணை காளான் கறியோடு போகிறார், இங்கிரிட் சிரிக்கிறார். (கறிக்கு ஏது காளான்? முழுக்க எங்கள் குளிர்பெட்டிகளில் கிடக்கிறது.)

முடிவு ஆ: நான் மணியை அடித்து, "அதைச் செய்தது"

இந்த வாக்கியத்தை ஐந்து தடவை தொடங்கிவிட்டேன்.

5.

இதுவரை எழுதியதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறாய். இதை அவ வாசிப்பாவோ?"

"அவவுக்குத் தமிழ் தெரியாதே, அண்ணை."

"ஓம். அதாலைதானே தமிழிலை எழுதினனீ."

எனக்கு முகம் எரிந்தது. வாசகரே, முடிவு வேண்டுமென்றால் நீங்களே இதை இங்கிரிட்டுக்கு ஜேர்மன் மொழியில் சொல்லுங்கள். எனக்கு அந்த மொழி வராதா என்று மட்டும் கேட்காதீர்கள். முப்பது வருடமாக நான் மொழிபெயர்ப்பாளராகத்தான் வேலை செய்கிறேன்.