புலிப் பேர்

குதிரைக் குடலை மூன்றாம் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள் சைராகுல். புருஷன் பேரை மாற்றிக்கொள்கிற விருந்துக்காக ஒரு குதிரை செத்திருக்கிறது. பாவம், அதற்காவது ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கலாம்.

மேதர்பெக் நரின் நகர மன்றத் தேர்தலில் நிற்கப்போகிறான். தெசெக்பாயெவ் என்கிற குடும்பப் பேர் சுவரொட்டியில் நாறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தெசெக் என்றால் வறட்டி. உடனே எங்கெங்கோ துழாவி, குலத்தில் ஒரு போர்வீரனைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்: கப்லான், அதாவது புலி. இனிமேல் அவன் 'கப்லான் ஊலு', புலியின் மகன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால், அது அடங்கும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

கூடத்தில் கூலிக்கு வந்த பாட்டுக்காரன், கப்லான் வெட்டிய தலைகளைப் பாடிக்கொண்டிருந்தான். நேற்றுவரை கேள்விப்படாத பாட்டனுக்காகப் பங்காளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்த கையாலேயே கறியை எடுத்தார்கள்.

"அப்ப பழைய பேரு எப்படிப்பா வந்துச்சு?" என்றார் பெரியவர் ஒருவர்.

"பேரு பதிஞ்ச ரஷ்யக்காரன் தப்பா எழுதிட்டான். எங்க தாத்தா பேரு தெங்கிஸ்பாய். தெங்கிஸ்னா கடல்!" என்றான் மேதர்பெக்.

தட்டோடு கூடத்து வாசலில் நின்ற சைராகுலுக்கு மாமனார் ஞாபகம் வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவருக்குக் கடைசிவரை ஊட்டிவிட்டவள் அவள். மகன் மேதர்பெக், வாடை ஒத்துக்கொள்ளாது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்பா எழுதல," என்றாள். "தெசெக்பாய்தான்."

பாட்டு பாதியில் நின்றது. புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வறட்டியைக்கூட அவள் 'எரியறது' என்றுதான் சொல்லிவந்தாள்.

"நாலு பிள்ளைங்க வரிசையா செத்துப்போச்சு. அஞ்சாவதா பொறந்த தாத்தாவை அவங்கம்மா வறட்டிக் கூடையில போட்டு, இது பிள்ளை இல்ல, வறட்டின்னு சாவுகிட்ட பொய் சொன்னாங்க. அந்தப் பிள்ளை பொழைச்சதாலதான் நீங்க எல்லாரும் உக்காந்து தின்னுக்கிட்டிருக்கீங்க. மாமா சொல்லிச் சொல்லி அழுவாரு."

மேதர்பெக் எழுந்தான். "என் தாத்தா பேரை எடுத்துச் சொல்ற அளவுக்கு வாய் நீண்டுருச்சா உனக்கு?"

"அவரு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. இனி எனக்கென்ன தடை? நீங்க புலியா இருங்க, பூனையா இருங்க. நான் தெசெக்பாயெவாதான். மாத்திக்கறதா இல்ல."

"நீ வந்தவ. உனக்கேது அந்தப் பேரு?"

"நீங்க தூக்கிப் போட்டீங்க, நான் எடுத்துக்கிட்டேன்."

யாரோ பாட்டுக்காரனுக்குக் கண்காட்ட, அவன் விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தான். எல்லோரும் தட்டுக்குக் குனிந்துகொண்டார்கள். மேதர்பெக் மட்டும் கோப்பையைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

அடுக்களையில் மூத்த ஓரகத்தி ஜீப்பார், கொதிக்கிற அண்டா முன்னால் அகப்பையோடு நின்றிருந்தாள். இந்த வீட்டுக்குச் சைராகுலுக்கு முன்பே வந்தவள்.

"எப்படிடி சொன்ன அதை?" என்றாள் மெல்ல.

"வாயாலதான்க்கா."

ஜீப்பார் கதவைப் பார்த்தாள். பிறகு ஆவிக்குள் குனிந்து, "தெ... தெசெக்..." என்று ஆரம்பித்துச் சட்டென வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. கையை எடுத்துவிட்டு, மறுபடி குனிந்தாள்.