அது சாம்பிள் ஷூ இல்லை

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை அதைக் கடப்பாரை போட்டுத் தோண்டப் போகிறார்கள்.

கலவை ஊருக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக என் தோழன் பார்த்திபனின் சமாதி இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். எலும்பை எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்று அவன் வீட்டாரிடம் சொல்லிவிட்டார்கள். அங்கே முழு ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கார்கிலில் குண்டு விழுந்த இடத்தில் நான் குனிந்து எடுத்தது இடது கால் பூட்ஸ் ஒன்றுதான். அதற்குள் என்ன இருந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பெட்டி கனக்க வேண்டுமே என்று மணல் மூட்டையைக் கூடவே வைத்தவன் நான்தான்.

பெட்டியோடு ஊருக்கு வந்தவனும் நான்தான். அவன் மனைவி அம்சவேணிக்கு அப்போது ஆறு மாதம். "அண்ணா, மூஞ்சியையாவது காட்டுண்ணா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். திறக்கக் கூடாதென்று உத்தரவு. அதை மட்டும் சொல்லியிருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "முகம் அப்படியே இருக்கும்மா, தூங்கற மாதிரி" என்று சொல்லிவிட்டேன்.

ராணுவத்திலிருந்து வந்தபின் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. பொழுது போகாமல் கதை எழுத ஆரம்பித்தேன். எந்தக் கதை எழுதினாலும் ஒரு இடது கால் ஷூ கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாண மண்டப வாசலில் கிடக்கும், பஸ் சீட்டுக்கு அடியில் கிடக்கும், வற்றிய கிணற்றில் கிடக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு உடனே அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் சாம்பிளை இங்கே ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். அந்த ஜோடியில்லாத சாம்பிள்தான் ஆதரவில்லாத தொழிலாளி என்று கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். நானும் மாலையை வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது, வேறென்ன சொல்ல.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பெண் ரோஷினி இப்போது என் கதைகளை வைத்துத்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட் ரூமுக்கு வந்து, செல்போனில் ரெக்கார்டிங் போட்டு மேசையில் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்கு முன் இவளிடம் சொல்லிவிட வேண்டும், அம்மாவிடம் இவளே பதமாகச் சொல்லிக்கொள்வாள் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

"மாமா, மூணாவது அத்தியாயம் முழுக்க உங்க ஒத்த ஷூதான். சாம்பிள் ஷூ, தொழிலாளியோட குறியீடு. கரெக்ட்டா?"

"அது சாம்பிள் இல்லம்மா."

"இல்லியா? பின்ன இன்னா?"

"சண்டையில பாத்தது."

அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சந்தோஷம். "ஐயோ, சூப்பர் மாமா! போர் அனுபவம் குறியீட்டுல எப்படி வருதுன்னு ஒரு பகுதி எழுதச் சொல்லி கைடு ஒரே தொல்லை." ஒற்றைக் காலணி, போரின் வெறுமை என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டாள்.

"வெறுமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! ஷூன்னா ஷூ!" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரித்தாள். "கோச்சிக்காதீங்க மாமா. எழுதினவர் சொல்றதே முடிவு கிடையாது. படிக்கறவங்களுக்கு தோணுறதும் அர்த்தம்தான்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. யாருக்கும் தெரியக் கூடாதென்று நானே கதைக்குள் ஒளித்து வைத்ததை, இப்போது வெளியே எடுக்க விடமாட்டேன் என்கிறார்களே!

"அது உங்கப்பாவோட ஷூ, ரோஷினி."

அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பா ஞாபகமாவா மாமா ஒவ்வொரு கதையிலயும் வச்சீங்க? இத்தினி வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடப்பாவி, இதற்கும் மகிழ்ந்து போகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.

"ஞாபகத்துக்கு இல்லம்மா. அது மட்டும்தான் கெடச்சுது. பெட்டியில அது மட்டும்தான் இருக்கு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். செல்போன் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"மொகம் தூங்கற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"சின்ன வயசுல அம்மா எனக்கு அதச் சொல்லித்தான் சோறு ஊட்டுவாங்க மாமா."

நான் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அப்போது அம்சவேணியிடமிருந்து போன் வந்தது. ரோஷினி என்னையே பார்த்தபடி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ரோஷினி, அண்ணா பக்கத்துல இருக்காரா? ஆசாரி வந்து நிக்கறாரு. எலும்புதான, ஒரு பானை போதும்னு ஊர்ல ஆளாளுக்கு சொல்றாங்க. அவர பானையில அடைக்க மாட்டேன், முழுப் பெட்டியிலதான் படுக்க வைப்பேன்னு சொல்லிட்டேன். எத்தினி அடி செய்யணும்னு அண்ணாவ கேளு. கூட இருந்து பெட்டியில வச்சவரு, அவருக்குத்தான் தெரியும்."

வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் கூசாமல் பொய் சொன்ன வாய்க்கு ஒரு எண் சொல்ல முடியவில்லை. ரோஷினி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஏதாவது செய்யுங்கள் மாமா என்கிற மாதிரி பார்த்தாள். நான் என்ன செய்வேன்?

"ரோஷினி, கேக்குதா?"

ரோஷினி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறடிம்மா," என்றாள். "மாமா ஆறடின்னு சொல்றாரு."

"நானும் அதான் நெனச்சேன்," என்றாள் அம்சவேணி. "எதுக்கும் அரை அடி ஜாஸ்தியாவே செய்யச் சொல்றேன். காலு இடிக்கக் கூடாது பாரு."